மிச்சம் சாப்பிட்ட கால்

இந்த மாதம் என் ஜாகை பெங்களூர் ஈஜிபுராவில். ஒரு ஜிம்முக்கு மேலே தகரக் கூரை போட்ட அறை. காலை ஐந்தரைக்கே கீழே இரும்பு விழும் சத்தம் கேட்கும், அலாரம் தேவையில்லை. வாடகைக்குப் பதிலாகக் கதவைத் திறந்துவிட்டு, தரையைப் பெருக்கி, கண்ணாடிகளைத் துடைத்து வைக்கவேண்டும். என் முகவரி மாறிக்கொண்டே இருக்கும் என்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். துடைப்பம் மட்டும் மாறுவதில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, சொந்த ஊர் கோயம்புத்தூர்ப் பக்கம். ஆபீஸ் பாஸ்கெட்பால் டீமில் ஆடுகிறாராம். தோளில் இரும்புக் கம்பியை வைத்து, இரண்டு பக்கமும் தட்டுகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். நான் துடைத்த கண்ணாடியில் தன்னைப் பார்த்தபடியே எண்ணினார்.

"எப்படி சார்?"

"பிரமாதம். கம்பியைக் கீழ வெச்சுட்டு, அந்த பெஞ்சுல உக்காந்து ஒரே காலால எழுந்திருங்க பாப்போம்."

சிரித்தார். உட்கார்ந்தார். வலது காலை முன்னால் நீட்டிக்கொண்டு, இடது காலை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. கையை வீசி வேகம் கொடுத்தார். பாதி எழுந்து... தொப்பென்று உட்கார்ந்தார்.

"ஷூ சரியில்லை சார்."

ஷூவைக் கழற்றினார். மறுபடியும் தொப்.

"தரை வழுக்குது சார்."

தரையைப் பெருக்கியது நான். சும்மா இருப்பேனா?

"பந்தோட ஓடிவந்து கூடைக்குப் பக்கத்துல தாவுறீங்களே, எத்தனை காலால தாவுறீங்க?"

யோசித்தார். ஓடுவதுபோல் இரண்டு அடி வைத்துப் பார்த்தார். "ஒரு கால்தான்..."

"கீழ வரும்போது?"

"பல தடவை அதுவும் ஒரு கால்தான்."

"அப்புறம் ஏன் ரெண்டையும் சேர்த்தே வேலை வாங்குறீங்க? ஒண்ணு உழைக்குது, ஒண்ணு ஓசியில மேல வருது. எது எதுன்னே உங்களுக்குத் தெரியலை."

"இதெல்லாம் எங்க சார் படிச்சீங்க?"

படிக்கவில்லை. ஒரு தையல்காரப் பெண்ணிடமிருந்து தெரிந்துகொண்டேன். அந்தக் கதைதான் இந்த வாரம்.

தொண்ணூறுகளின் கடைசி. சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் ஒரு கிளப் — பெயர் வேண்டாம். சிமென்ட் கோர்ட் ஒன்று, பக்கத்தில் நாலு படி வைத்த காலரி, ஒரு தண்ணீர்த் தொட்டி. அங்கே நான் வாட்ச்மேன், பெருக்குபவன், கோடு போடுபவன், மழை பெய்தால் சாக்குப் போட்டுத் தண்ணீரை ஒற்றியெடுப்பவன். அதற்கு முன்னால் சிவாஜிநகர் மார்க்கெட்டில் மூட்டை ஏற்றினேன். அதற்கு முன்னால் லாரி க்ளீனர். அதற்கும் முன்னால் எட்டாம் வகுப்பு. சொல்லும்படி வேறொன்றும் இல்லை.

அந்தக் கிளப்பின் பெண்கள் டீமில் ரீட்டா என்று ஒருத்தி. இருபத்துநாலு வயது. ஐந்தடி ஒன்பது அங்குலம். சர்ச்சுக்குப் பின்னால் இரண்டே அறை வீடு. அம்மா, தம்பி ஆன்டணி. அப்பா எப்போதோ போய்விட்டார். பகலில் கார்மென்ட்ஸ் ஃபாக்டரியில் மெஷின் தைப்பாள், காலையில் ஒரு மணி நேரம் ஆடுவாள்.

ரோட்டில் நடந்தால் ஆட்டோக்காரர்கள், "அக்கா, மேல மழை பெய்யுதா?" என்பார்கள்.

"இன்னும் இல்லை. நான் துப்பினா உனக்குத் தெரியும்" என்பாள்.

இப்படிப்பட்டவள் ஒரு மேட்சில் விழுந்தாள். எகிறிப் பந்தைப் பிடித்து, இடது காலில் இறங்கினாள். கனமான ஈரத்துணி கிழிவதுபோல் ஒரு சத்தம். காலரியில் இருந்த எனக்கே கேட்டது. அன்று காலை மழை. கோர்ட்டை ஒற்றியெடுத்தவன் நான். ஒரு மூலையில் ஈரம் விட்டுப்போயிருந்ததா, இல்லையா... அவள் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. நான்தான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கட்டு, கம்பு, நொண்டல். பத்து மாதம் கழித்து ஒரு காலை வேளையில் கையில் ஒரு ஃபாரத்தோடு கிளப்புக்கு வந்தாள்.

ஒரு அரசாங்க டிபார்ட்மென்ட் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள். பெண்களுக்கு இரண்டே இடம். எடுத்துக்கொண்டால் நிரந்தர வேலை. வயது வரம்புப்படி அவளுக்கு அதுதான் கடைசி வருடம். செலக்‌ஷனுக்கு இன்னும் மூன்று மாதம். ஆனால் ஃபாரத்தில் கிளப் கோச்சின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அது இல்லாவிட்டால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கோச் ஃபாரத்தைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். நல்ல மனிதர்தான், கன்னடமும் தமிழும் கலந்து, இரண்டிலுமே பயமுறுத்துவார்.

"ஆய்து ரீட்டா, முடிஞ்சுபோச்சு. கால் போன பொண்ணை அனுப்பினா கிளப் மானம் போவும். சும்னே அலையாதே. வீட்ல சொல்லி ஒரு கல்யாணம் பண்ணிக்கோ."

"கல்யாணத்துக்கு மட்டும் இந்த முட்டி போதுமா சார்?"

கோர்ட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோச் சிரிக்கவில்லை.

"வாய்க்கு ஒரு செலக்‌ஷன் வெச்சா நீதான் ஃபர்ஸ்ட். சரி... செலக்‌ஷனுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை வா. சுவத்துல எகிறித் தொட்டுக் காட்டு. அப்ப பாக்கலாம்."

அவர் போனதும் ரீட்டா என்னிடம் வந்தாள். "ணா, காலைல அஞ்சரைக்கு கேட்டைத் திறந்து விடுவியா?"

"கோச்சுக்குத் தெரிஞ்சா என் வேலை போகும்."

"போனா இன்னொண்ணு பாத்துக்குவே. உனக்குத்தான் பழக்கம் ஆச்சே."

உண்மைதான். திறந்துவிட்டேன்.

முதல் நாள் ஃபாக்டரி இஞ்ச் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். தொட்டிக்குப் பின்னால் மறைவில் போய்த் தொடையை அளந்துகொண்டு திரும்பினாள்.

"இடது ஒண்ணரை இஞ்சு கம்மி. ஒரே பேன்ட், ரெண்டு சைஸ் கால். எங்க ஃபாக்டரியில இதை ரிஜெக்ட்ல போடுவாங்க."

டீமில் எல்லோரும் செய்வது கோச் சொல்லிக்கொடுத்த பைட்டக், இரண்டு காலிலும் உட்கார்ந்து எழுவது. ரீட்டாவும் செய்தாள். பின்னால் நின்று பார்த்த எனக்குச் சிரிப்பு வந்தது. உடம்பு முழுக்க வலது பக்கம் சாய்கிறது. இடது கால் சும்மா தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது — லாரியில் மூட்டை ஏற்றும்போது கையை வைத்துத் தாங்குவதுபோல் நடிக்கிற ஆள் ஒருவன் எப்போதும் இருப்பான் இல்லையா, அவனைப்போல.

"இடது கால் உன்னை ஏமாத்துது" என்றேன். "மார்க்கெட்டுல பலகை மேல மூட்டையோட ஏறும்போது ரெண்டு காலும் ஒண்ணா ஏறாது. ஒவ்வொரு அடிக்கும் ஒத்தைக் கால்தான் மொத்த பாரமும் தூக்கணும். அங்க எந்தக் காலும் ஏமாத்த முடியாது. ஏமாத்தினா மூட்டையோட கீழ."

குனிந்து இடது காலைப் பார்த்தாள். "அப்ப ஒவ்வொண்ணா வேலை வாங்குவோம்" என்றாள்.

காலரிப் படியில் ஒரு காலை வைத்து ஏறுவாள். பின்காலால் உந்தக்கூடாது, உந்தினால் அந்தத் தடவை கணக்கில் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு காலால் எழுவாள். பின்காலின் மேல்பாதத்தைப் படியில் போட்டுவிட்டு, முன்காலால் மட்டும் தாழ்ந்து நிமிர்வாள். கொஞ்சம் பழகியதும் இரண்டு கையிலும் மண்ணெண்ணெய் கேனில் தண்ணீர். அப்புறம் ஒரு காலில் தாவி, அதே காலில் இறங்கி, ஆடாமல் மூன்று எண்ணும்வரை நிற்பது. முதல் வாரம் ஒன்றுக்கே கவிழ்ந்தாள். நான் பிடிக்கப் போனால், "தள்ளி நில்லு, தரை இருக்குல்ல" என்பாள்.

முழங்கால் வலி உள்ள வாசகர்கள் தயவுசெய்து டாக்டரிடம் போங்கள். என்னிடம் வராதீர்கள். எங்களுக்கு டாக்டரிடம் திரும்பப் போக வழியில்லை, அதனால் படியில் ஏறினோம். அவ்வளவுதான்.

ஏழு வாரம் ஓடிற்று. அவள் நன்றாகவே ஏறினாள். கேனில் தண்ணீர் மட்டம் உயர்ந்துகொண்டே போயிற்று. எனக்கும் ஒரு மிதப்பு. ஒருநாள் காலை டேப்பை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் பின்னால் போனாள். வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து டேப் மட்டும் பறந்து வந்து கோர்ட் நடுவில் விழுந்தது.

"என்ன ஆச்சு?"

"ரெண்டு இஞ்சு."

"என்னது ரெண்டு இஞ்சு?"

"வித்தியாசம்! ஒண்ணரை இருந்தது ரெண்டாயிடுச்சு. இடது கொஞ்சம் ஏறியிருக்கு. வலது அதைவிட ஏறியிருக்கு. ஏழு வாரமா எந்தக் காலுக்குணா ட்ரெய்னிங் குடுத்தோம்?"

படியில் உட்கார்ந்துவிட்டாள். ஃபாக்டரிக்கு நேரமாகிறது, எழுந்திருக்கவில்லை. செலக்‌ஷனுக்கு ஐந்து வாரம்தான் மிச்சம். நான் போய் டேப்பைப் பொறுக்கிச் சுருட்டினேன். எட்டாம் வகுப்பு அறிவியலில் இந்தப் பாடம் வரவில்லை.

அவளே கேட்டாள். "வலதுல எத்தனை தடவை பண்றேன்?"

"பன்னெண்டு."

"இடதுல?"

"ஏழு. நல்ல நாள்ல எட்டு."

"முதல்ல எது?"

"வலதுதான். எப்பவும் வலதுதானே முதல்ல..."

சொல்லிவிட்டு நிறுத்தினேன். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

எப்பவும் வலது! எங்களில் யார்தான் இடது காலை முதலில் வைப்போம்? புது வீட்டுக்குள் வலது கால். கல்யாணப் பெண் உள்ளே வந்தால் வலது கால். கோச் கோர்ட்டுக்குள் வலது காலை வைத்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் விசிலே ஊதுவார். டீம் முழுக்க அப்படித்தான். ரீட்டா சர்ச்சுக்குள் போகும்போதும் வலது கால்தான். லாரியில் மூட்டை ஏற்றும் நாங்கள்கூட முதல் மூட்டைக்கு வலது காலைத்தான் பலகையில் வைப்போம். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. யாரும் யோசிக்கவில்லை. அதனால் தினமும் காலையில் அவள் உடம்பில் இருந்த புது பலம் முழுவதும் வலது காலுக்குப் போனது. மூச்சு வாங்கி, நேரமும் ஆனபிறகு இடது காலின் முறை வரும்.

ரீட்டா சிரிக்க ஆரம்பித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"எங்க வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்குணா. ஆன்டணிக்கு முதல்ல. ஞாயித்துக்கிழமைல மீன் துண்டு அவனுக்கு, குழம்பு எனக்கு. குழம்புலதான் சத்து இருக்குன்னு மம்மி சொல்வாங்க. அவன் நல்லவன்தான், பாவம், கேக்கறதுகூட இல்லை. ஆனா துண்டு அவன் தட்டுக்குத்தான் போவும். அது தானாப் போவும்." இடது தொடையைத் தட்டினாள். "இத்தனை நாளா இதுக்கு நான் மம்மி வேலை பாத்திருக்கேன்."

மறுநாளிலிருந்து சட்டம் மாறியது. இடது கால் முதலில். இடது எத்தனை செய்கிறதோ, வலதுக்கும் அத்தனைதான். ஒன்றுகூடக் கூடுதல் கிடையாது. இடது எட்டில் நின்றால் வலதும் எட்டில் நிற்கவேண்டும். வலது கால் "இன்னும் முடியும், இன்னும் முடியும்" என்று துள்ளியது. துள்ளட்டும். இறங்கு கீழே!

அடுத்த திங்கட்கிழமை வரும்போதே அவள் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"நேத்து மத்தியானம் மம்மி பரிமாறதுக்கு முந்தி ரெண்டு துண்டை எடுத்து என் தட்டுல போட்டுக்கிட்டேன். 'இன்னாடி இது?'ன்னாங்க. 'ட்ரெய்னிங்'ன்னேன்."

"ஆன்டணி?"

"குழம்பு ஊத்தி சாப்ட்டான். சத்து இருக்குன்னு சொன்னேன்."

செலக்‌ஷனுக்கு முந்தின ஞாயிறு. டீம் முழுக்க வந்திருந்தது, ரீட்டாவோடு எட்டுப் பேர். கோச் கோர்ட் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ரீட்டா இடது காலை வைத்துக் கோர்ட்டுக்குள் இறங்கினாள்.

"ஏய்! வலது கால்!" கோச் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

"அதுக்கு இன்னிக்கு லீவு சார்."

"திமிரு... எகிறு பாப்போம்."

விரலில் சுண்ணாம்பைத் தொட்டுக்கொண்டு, சுவரோரம் நின்று இரண்டு காலாலும் எகிறித் தொட்டாள். வெள்ளைப் புள்ளி நல்ல உயரத்தில் விழுந்தது. கோச் விடவில்லை.

"ரெண்டு காலால யாரும் எகிறுவாங்க. அந்த அடிபட்ட காலால மட்டும் எகிறு. அதே கால்ல இறங்கு. மூணு எண்ற வரைக்கும் ஆடாம நிக்கணும்."

அவளைத் தோற்கடிக்கத்தான் சொன்னார். எங்கள் படிப் பயிற்சி அவருக்குத் தெரியாது. தொட்டிப் பக்கம் திரும்பி நின்று என் சிரிப்பை அடக்கிக்கொண்டேன்.

ரீட்டா நகரவில்லை. "எகிறுறேன் சார். ஆனா எல்லாரும் எகிறணும். நல்ல கால் இருக்கறவங்க எவ்வளவுன்னு தெரிஞ்சாத்தானே என் கால் எவ்வளவு கொறைச்சல்னு தெரியும்?"

கோச்சுக்கு அது நியாயமாகப் பட்டிருக்கவேண்டும். கையை ஆட்டினார். ஒவ்வொருத்தியாக இடது காலில் எகிறினார்கள். உயரம் என்னவோ வந்தது. இறங்கியபோதுதான் வேடிக்கை. ஒருத்தி கையை இறக்கைபோல் விரித்தாள். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒருத்தி மூன்று அடி நொண்டிப் போய்க் கோச்சின் நாற்காலியில் முட்டினாள். ஏழு பேருக்கும் முழங்காலில் ஒரு கீறல்கூடக் கிடையாது. மூன்றுவரை நின்றவர்கள் இரண்டே பேர்.

ரீட்டாவின் முறை. எகிறினாள். அவள் புள்ளி எல்லாவற்றுக்கும் மேலே விழவில்லை, மேலிருந்து மூன்றாவது. இறங்கினாள். இடது கால் தரையைத் தொட்டு, கொஞ்சம் தாழ்ந்து, நின்றது. ஒன்று. இரண்டு. மூன்று. அவள் மற்றக் காலைக் கீழே வைக்கவில்லை. கோச்சையே பார்த்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். நாலு... ஆறு... ஒன்பது...

"எத்தனை வரைக்கும் சார்?"

"கால் வை மா, போதும்" என்றார் கோச். பேனாவைத் தேடினார்.

கையெழுத்துப் போட்டார். முத்திரையும் குத்தினார். ஆனால் பாருங்கள், மனிதருக்குத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை. கீழே ஓரத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினார்: முழங்காலில் பழைய காயம் உண்டு, அவள் சொந்தப் பொறுப்பில் ஆடுகிறாள். ரீட்டா படித்தாள். முகம் சிவந்தது. வேறு ஃபாரம் இல்லை, வேறு நாளும் இல்லை. மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

செலக்‌ஷன் அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போய் காலரியில் உட்கார்ந்தேன். இரண்டு இடம், கிட்டத்தட்ட முப்பது பெண்கள். மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் ஃபாரத்தின் கடைசி வரியில் விரலை வைத்து நிமிர்ந்தார்.

"முட்டி அடியா? யாவ காலு?" எந்தக் கால் என்று கன்னடத்தில் கேட்டார்.

சொன்னால் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். அது தும்மினால்கூடத் தெரிந்துவிடும்.

ரீட்டா நிமிர்ந்து நின்றாள். "நீவே நோடி ஹேளி சார்" என்றாள். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓரத்தில் இருந்தவர் முறைத்தார். நடுவில் இருந்தவர் மட்டும் ஃபாரத்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "சரி, ஆடு" என்றார்.

இப்போது எழுதும்போது ஒன்று தோன்றுகிறது. என் எட்டாம் வகுப்பில் வாத்தியார் முன் பெஞ்சுக்குத்தான் முதலில் பாடம் நடத்துவார். அவர்களுக்குப் புரிந்து, அவர்கள் கேள்வி கேட்டு, அவர் பதில் சொல்லி, மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது கடைசி பெஞ்சைப் பார்ப்பார். "உங்களுக்கு?" எங்களுக்கு என்ன, மிச்சம்தான். பரீட்சையில் முன் பெஞ்சு பன்னிரண்டு எடுத்தது, நாங்கள் ஏழு எடுத்தோம். மக்கு என்றார்கள். யாரை முதலில் கவனித்தீர்கள் என்று அவரை யாராவது கேட்டார்களா? பலமாக இருப்பதற்கு முதல் பந்தி, மெலிந்ததற்குக் கடைசிப் பந்தி... அப்புறம் மெலிந்ததைப் பார்த்து ஏன் இப்படி மெலிந்தாய் என்று ஒரு கேள்வி. வீடு, பள்ளிக்கூடம், கோர்ட், எங்கே போனாலும் இதே கதை. ஒரே ஒரு வாரம் வரிசையை மாற்றிப் பாருங்கள். பலமானவர்கள் செத்துவிட மாட்டார்கள். குழம்பில் சத்து இருக்கிறது.

ரீட்டா இருபது நிமிடம் ஆடினாள். அவள் அப்படி ஆடி நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வலது பக்கமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு வருவாள், இடது காலால் தாவுவாள், அதே காலில் இறங்குவாள், திரும்புவாள். ஒருமுறை அவள் தாவியபோது இரண்டு பெண்கள் அந்தரத்திலேயே அவள் மேல் மோதினார்கள். மூன்று பேரும் சேர்ந்து கீழே வந்தார்கள். நின்றது ஒருத்திதான், அதுவும் எந்தக் காலில் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. விசில் ஊதியபோது அவள் பனியன் பிழிகிற மாதிரி இருந்தது.

நடுவில் இருந்தவர் அவளைக் கூப்பிட்டார். நானும் மெதுவாகப் பக்கத்தில் போய் நின்றேன்.

"கண்டுபிடிச்சுட்டேன்" என்றார், வெற்றிச் சிரிப்போடு. "வலது முட்டிதானே? எல்லாத்துக்கும் இடது காலையே போடறே. வலதைக் காப்பாத்தி வெச்சுக்கறே. ஜாக்கிரதைம்மா, அந்த வலது காலைக் கவனிச்சுக்கோ."

ரீட்டா என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே சிரித்துத் தொலைத்திருப்போம்.

"சரி சார்" என்றாள்.

பட்டியலில் இரண்டு பெயர். இரண்டாவது அவளுடையது. இன்றும் அந்த டிபார்ட்மென்டில்தான் வேலை பார்க்கிறாள், மூத்தோர் டீமில் ஆடுகிறாள். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிற அம்மா ஒவ்வொரு மேட்சுக்கு முன்னாலும் அவள் வலது முழங்காலுக்கு வெகு ஜாக்கிரதையாகக் கட்டுப் போட்டுவிடுகிறாராம். போன மாதம் பார்த்தபோது, இன்னுமா உண்மையைச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அடிபட்டது எதுன்னு எனக்கே மறந்துபோச்சுணா" என்றாள்.

பொய். ஆனால் என்ன கம்பீரமான பொய்!